டிரையர் வாயில் வைத்த மோட்டர்

அந்த மோட்டர் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தகர டப்பா போல ஓர் உடம்பு, ஒரு பக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி, மறுபக்கத்தில் கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு. அவ்வளவுதான். அதைவிட நூறு மடங்கு பெரிய மோட்டர்களை நான் வாழ்க்கை முழுக்கக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அவற்றில் எதையும் நினைத்து ஒரு வேளைச் சோற்றை ஒதுக்கியதில்லை. இந்தச் சின்னச் சனியனை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் கை கூசுகிறது.

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் எனக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். மாடியில் கொழுந்தை வாட்டும் விசிறிகள், கீழே கொழுந்தை உருட்டிப் பிழியும் ரோலர்கள், அதற்கப்பால் சூடான காற்றில் தூளைக் காயவைக்கும் டிரையர். எல்லாமே மோட்டரில்தான் ஓடும். அவற்றைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தோம், நானும் என் கூட்டாளியும். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா எங்களுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். உறவு என்று ஒன்றும் கிடையாது. சின்ன வயசிலிருந்தே மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியதில் அவனுடைய அம்மா எனக்கு அத்தை ஆகிவிட்டார்.

நான் மோட்டரைக் கழற்றுவேன், பூட்டுவேன், கிரீஸ் வைப்பேன், பெல்ட் மாற்றுவேன். அதற்கு மேல் என்னைக் கேட்கக்கூடாது. அவன் அப்படி இல்லை. எரிந்துபோன மோட்டரின் கம்பிச் சுருளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றத் தெரிந்தவன். சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு தோட்டங்களுக்கு அவன்தான் சுற்றினான். கம்பியை விரல்களுக்கிடையில் விட்டு இழுக்கும்போது வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு எண்ணுவான். அந்த நேரத்தில் தோட்டத்து மேனேஜர் துரையே வந்து நின்றாலும் தலையை நிமிர்த்தமாட்டான். எண்ணி முடித்த பிறகுதான் "என்னாங்க தொர" என்பான். அந்தத் திமிர் எனக்குக் கிடையாது. அதனாலேயே அது எனக்குப் பிடிக்கும்.

அந்தத் திமிர்தான் அவனைக் கவிழ்க்கவும் செய்தது. எழுபதுகள் பிறக்கும் நேரம் அது. எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாத தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று பிரஜாவுரிமை மனுப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த வாரம் பார்த்து அவனுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தகராறு. "இவன் மூஞ்சியில முழிக்கிறதுக்குக் கடலத் தாண்டியே போயிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவன், அன்றைக்கே இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அப்போது அவனுக்கு இருபது வயசு. அத்தை இந்த நாட்டுக்குத்தான் எழுதியிருந்தார். மாமாவை அடக்கம் பண்ணிய மலையை விட்டு நகரமாட்டேன் என்பது அவர் கட்சி. இரண்டு வருஷத்தில் அந்தக் கணக்கப்பிள்ளை வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். மனு மட்டும் எங்கோ ஓர் அரசாங்கக் கந்தோரில் கிடந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு கடுதாசியும் வராததால் நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. கூடவே, இலங்கையில் வருஷக் கடைசி வரைக்கும் மட்டும் தங்க ஒரு விசா. அதற்குள் கப்பல் ஏறவேண்டும். ஏறாவிட்டால் பொலிஸ் வந்து ஏற்றும். அப்படி ஏற்றப்பட்டவர்களை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம்.

அத்தைக்கு அப்போது நெஞ்சு வருத்தம், இருதயம் பலவீனம். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் என்று இரவு பகலாகச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். தூரப் பயணம் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதிக நாள் இருக்கமாட்டார் என்பதையும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை, கல்யாணமும் ஆகவில்லை.

"அம்மா கண்ண மூடுற வரைக்கும் என்னைய இங்க விட்டாப் போதும்டா மச்சான். அப்பறம் எந்தக் கப்பல்ல ஏத்துனாலும் ஏறிக்கிறேன்" என்று என்னிடம் சொன்னான். அதைத் தவிர அவன் வேறு எதையும் யாரிடமும் கேட்கவில்லை.

இந்தக் கதைக்குள் விளையாட்டுக் கார் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். எங்கள் பெரிய துரை சிங்கள ஆள், நாற்பது வயசுகூட ஆகாதவர். அவருடைய அக்கா சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினார். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு கார், துண்டு துண்டாக. பூட்டி முடித்தால் கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு, கம்பி எதுவும் இல்லாமலே, ரேடியோ அலையில் தூரத்திலிருந்து ஓட்டலாம். துரை இரண்டு நாள் முட்டிமோதிப் பார்த்துவிட்டு அதை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார். என் கூட்டாளி ஒரே பின்னேரத்தில் பூட்டினான். பார்த்துப் பொறாமைப்பட்டு மற்றத் தோட்டத்துத் துரைமாரும் ஆளுக்கொன்று வரவழைத்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கிளப்பில் பந்தயம். படித்த, பெரிய மனுஷர்கள் வரிசையாக நின்றுகொண்டு பொம்மைக் காருக்காகக் கத்துவதைப் பார்க்கவேண்டும். எங்களுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தக் குட்டி மோட்டரைத் திறந்து பார்த்த நாளிலிருந்து என் கூட்டாளி சிரிக்கவில்லை. அதை அவ்வளவு மரியாதையோடு வைத்திருந்தான். ஸ்டோர் மோட்டருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு விளக்கினான். ஸ்டோர் மோட்டருக்குள் காந்தம் கிடையாது, சுற்றிலும் கம்பிச் சுருள்தான். இந்தச் சின்னதில் டப்பாவின் உட்சுவரில் வளைந்த இரண்டு காந்தத் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் கம்பி சுற்றிய ஆமேச்சர் சுழல்கிறது. அதன் முனையில் செம்புத் தகடு பதித்த ஒரு வளையம். இரண்டு பக்கமும் சின்ன ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் காபன் கட்டிகள் அந்த வளையத்தை உரசி மின்சாரம் கொடுக்கின்றன.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அவன் அதைப் பிரிப்பான். பெயின்ட் பிரஷ்ஷால் கரித்தூளைத் தட்டுவான். செம்பு வளையத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் துடைப்பான். உப்புத்தாள் போட்டால் கீறல் விழும், கீறல் விழுந்தால் காபன் சீக்கிரம் தேயும் என்பான். தண்டு சுழலும் இரண்டு முனைக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. எனக்கு எண்ணெய் என்றால் தாராளம், கிரீஸ் துப்பாக்கியோடு வளர்ந்தவன். "இது ஒன் ரோலர் இல்லடா, கொட்டாத" என்று கையில் அடிப்பான். புதுக் காபன் போட்டால் டோர்ச் பேட்டரி ஒன்றை மட்டும் கொடுத்து அரைமணி நேரம் மெதுவாக ஓடவிடுவான். காபன் முகம் வளையத்தின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்தும் வரைக்கும் வேகம் கொடுக்கமாட்டான்.

ஓடி நின்ற மோட்டரைக் கழற்றி மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துச் சூடு பார்ப்பது அவன் பழக்கம். ஐந்து எண்ணும் வரைக்கும் தாங்கினால் சரி. தாங்காவிட்டால் மோட்டருக்குச் சுமை கூடிவிட்டது, தண்டிலுள்ள பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றவேண்டும். இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெட்டியோடு வந்த புத்தகம் ஜப்பான் பாஷையில் இருந்தது. படத்தைப் பார்த்தும் கையைச் சுட்டுக்கொண்டும் தெரிந்துகொண்டதுதான்.

பக்கத்துத் தோட்டத்துத் துரையின் கார் தொடர்ந்து இரண்டு மாதம் வென்றது. எங்கள் துரைக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. மூன்றாவது பந்தயத்துக்கு முந்திய வாரம் ஸ்டோருக்கு வந்து காரைப் பற்றியே பேசிக்கொண்டு நின்றார். அப்போதுதான் என் கூட்டாளி கையைத் துடைத்துவிட்டு விசா விஷயத்தைச் சொன்னான். அம்மாவைப் பற்றியும் சொன்னான். துரை காரின் சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"கொழும்புல அந்தக் கந்தோர்ல என்னோட படிச்ச ஆள் இருக்கு" என்றார். "ஞாயித்துக்கிழம நீ எனக்கு ஜெயிச்சுக் குடு. நான் பேசுறது. ஒரு வருஷம் எடுத்துத் தாறது."

இப்போது நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. ஒரு மனுஷன் தன் அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்கலாமா கூடாதா என்பதை ஒரு பொம்மைக் காரின் வாலில் கட்டிவிட்டுப் போனார். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. கும்பிடுகூடப் போட்டேன்.

எங்களிடம் மூன்று மோட்டர் இருந்தன. ஒன்று பெட்டியோடு வந்தது. கம்பிச் சுற்று அதிகம், வேகம் குறைவு, ஆனால் சூடாகாது, மேட்டில் நின்று இழுக்கும். இரண்டாவது கொழும்பில் வாங்கியது. சமதரையில் பறக்கும், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். மூன்றாவது, எரிந்துபோன ஒன்றுக்கு என் கூட்டாளியே புதுக் கம்பி சுற்றியது. கொஞ்சம் தடித்த கம்பி, கொஞ்சம் குறைந்த சுற்று. பந்தயப் பாதை கிளப்பின் டெனிஸ் கோர்ட்டைச் சுற்றி வந்து, ஜீப் நிறுத்தும் மேட்டில் ஏறி இறங்கும். பத்துச் சுற்று.

"பெட்டியில வந்ததையே போடு மச்சான். அது ஏமாத்தாது" என்றேன் நான்.

"அது தோக்காதுடா. ஜெயிக்கவும் செய்யாது. ரெண்டாவதா வர்றதுக்கு எனக்கு யாரு விசா குடுப்பா?" என்றான்.

அவன் கணக்குச் சரி. தான் சுற்றிய மோட்டருக்குச் சின்னப் பல்சக்கரம் போட்டான். மேட்டிலும் ஏறியது, இறக்கத்திலும் பறந்தது. கழற்றி மணிக்கட்டில் வைத்து ஏழு வரைக்கும் எண்ணினான். எண்ணிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஸ்டோர் முன்னால் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். நான்தான் ஓட்டினேன். வளைவில் கார் புரண்டு, மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. எடுத்தபோது மோட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவன் திட்டக்கூட வாயெடுக்கவில்லை, அதற்குள் லயத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. அத்தைக்கு மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அவன் மோட்டரைக் கழற்றி என் கையில் வைத்தான். "பிரிச்சுத் தொடச்சிட்டு அடுப்புப் பக்கமா துணி மேல வச்சிரு. காலையில காஞ்சிருக்கும். வேற ஒண்ணும் பண்ணாத" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவன் சொன்னதை மட்டும் செய்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

எங்கள் மலையில் ஈரம்தான் மோட்டருக்கு எமன். மாதக்கணக்கில் பனிமூட்டமும் மழையுமாக இருக்கும் இடம். ஸ்டோரில் எந்த மோட்டரில் ஈரம் இறங்கினாலும் எங்களுக்கு ஒரே வைத்தியம்தான். கழற்றிக் கொண்டுபோய் டிரையர் வாய்க்குப் பக்கத்தில், சூடான காற்று வெளியே வரும் இடத்தில் வைத்துவிடுவோம். தூள் காய்கிற சூட்டில் மோட்டரும் காயும். எங்கள் ஸ்டோரில் மட்டுமல்ல, எல்லா ஸ்டோரிலும் அதுதான் வழக்கம். வருஷத்தில் பத்துத் தடவையாவது நானே அப்படிச் செய்திருக்கிறேன். எதுவும் கெட்டதில்லை.

அடுப்பங்கரைச் சூட்டில் இது எங்கே காயப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. கானுக்குள் விட்டவனும் நான்தானே, நன்றாகக் காயவைத்துக் கொடுத்துவிடுவோம் என்றும் நினைத்தேன். பிரித்துத் துடைத்தேன், திரும்பப் பூட்டினேன், ஒரு தகரத் தட்டில் வைத்து டிரையர் வாயில் வைத்தேன். கால்மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து இரண்டாம் ரோலரின் பெல்ட் அறுந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கத்திக்கொண்டு வந்தார். பெல்ட் மாற்றி, இழுத்துக் கட்டி, ரோலரை ஓடவிட்டு நிமிரும்போது இரண்டு மணி நேரம் போயிருந்தது.

ஓடிப்போய் எடுத்தேன். சாக்குத் துணியால்தான் பிடிக்க முடிந்தது. ஆறவைத்துத் தண்டைச் சுற்றிப் பார்த்தேன். சுழன்றது. ஓர் இடத்தில் மட்டும் லேசாக எதிலோ இடறுவது மாதிரி இருந்தது. டோர்ச் பேட்டரி கொடுத்து ஓட்டினேன். ஓடியது. சத்தத்தில் முன்பு இல்லாத ஒரு கரகரப்பு. புதுக் காபன் போட்டிருக்கிறது, தேய்ந்து பொருந்தினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையே மோட்டர்ச் சத்தம் கேட்பதுதான். ஒரு ரோலர் மோட்டர் அப்படிக் கரகரத்திருந்தால் மறுநிமிஷமே நிறுத்தித் திறந்திருப்பேன்.

பின்னேரம் அவன் அத்தையோடு திரும்பி வந்தான். ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். அவன் கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தது.

"காஞ்சிருச்சா?" என்றான்.

"காஞ்சிருச்சு."

"அடுப்புப் பக்கந்தான வச்ச?"

"ஆமா."

ஒரு சொல்தான். டிரையர் என்று சொன்னால் அவன் உடனே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடியும் பிரிப்பான், பாவம், களைத்துப்போயிருக்கிறான் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதி, அவன் வாயால் ஏச்சு வாங்கப் பயம். சொல்லியிருந்தால் அவன் திறந்து பார்த்திருப்பான். பெட்டியோடு வந்த மோட்டரையாவது போட்டிருப்பான்.

ஞாயிறு காலையில் வெயில் அடித்தது. ஐந்து கார். துரை கையில் காரை ஓட்டும் பெட்டி, நாங்கள் இருவரும் மேட்டோரம். முதல் சுற்றிலேயே எங்கள் கார் முன்னால் வந்துவிட்டது. நாலாவது சுற்றில் பக்கத்துத் தோட்டத்துக் கார் அரைக் கோர்ட் பின்னால். என் கூட்டாளி ஒவ்வொரு சுற்றையும் வாயைக் கோணிக்கொண்டு எண்ணினான், கம்பி சுற்றும்போது எண்ணுவது மாதிரியே. ஏழு என்று சொல்லி வாயை மூடவில்லை. மேட்டில் ஏறும்போது கார் கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றது. அடியிலிருந்து புகை. துரை விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். புகை கறுப்பாக மாறியது.

அவன் ஓடிப்போய்ப் பேட்டரி வயரைப் பிடுங்கினான். மோட்டரைக் கழற்றினான். கழற்றி, பழக்கதோஷத்தில் மணிக்கட்டில் வைத்தான். தோல் பொசுங்கும் வாசனை எனக்கு வந்தது. அவன் கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். நான்தான் தட்டிவிட்டேன்.

துரை பெட்டியை வாங்குப் பலகையின் மேல் வைத்தார். மற்றத் துரைமாரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எங்கள் பக்கம் திரும்பி, "போகட்டும். அந்த மோட்டர நீயே வச்சுக்க" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. பிறகு எல்லாரும் சாப்பிட உள்ளே போனார்கள்.

புதன்கிழமை நான் பங்களாவுக்குப் போனேன். பின்பக்கத்துக் குசினிப் படியில் நின்றேன். தப்பு என்னுடையது, மோட்டர் சுற்றியவன் மேல் ஒரு குறையும் இல்லை, அவனுக்குச் சொன்னதைச் செய்யுங்கள் என்று சொல்வதற்காகத்தான் போனேன். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். துரை பல் குத்திக்கொண்டே வெளியே வந்தார்.

"அந்த விசா விசயங்க தொர" என்று தொடங்கினேன்.

"ஆ, அதுவா? அது இனிக் கஷ்டம்" என்றார்.

"சரிங்க தொர" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் சொல்லியிருந்தால் அவர் பேசியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வென்றிருந்தாலும் பேசியிருப்பாரா என்றும் தெரியாது. அந்தத் தெரியாததில் ஒளிந்துகொள்ளப் பல வருஷம் முயன்றேன், முடியவில்லை.

அவன் அந்த மோட்டரைத் திறக்கவே இல்லை. "இப்ப பிரிச்சா ஆத்திரந்தான்டா வரும். அங்க போயி நிதானமா பாக்குறேன். எங்க தப்புன்னு தெரிஞ்சிக்கணும்" என்று ஒரு துணியில் முடிந்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தான். எப்படியாவது அதை எடுத்து ஒளித்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகிற அன்று அத்தை அழவில்லை. சுவரில் சாய்ந்தபடியே அவன் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டுப் புண்ணைத் தடவிப் பார்த்தார். பாதி ஆறி, ஓரத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"இதுல தண்ணி படாமப் பாத்துக்கய்யா" என்றார். "கப்பல்ல உப்புத் தண்ணி தெறிக்கும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவன் குனிந்து அவர் வீங்கிய காலில் நெற்றியை வைத்தான். எழுந்திருக்கவே இல்லை. நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கினேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நிறைய எங்கள் ஆட்கள், பிளாட்பாரம் நிறைய ஒப்பாரி. அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா ஒன் பொறுப்புடா மச்சான்" என்றான். கோச்சி நகர்ந்த பிறகும் பிடித்த பிடியை விடவில்லை. என் சட்டைப் பொத்தான் ஒன்று அவன் கையோடு போய்விட்டது.

அத்தையை எங்கள் காம்பராவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். என் மனைவி கஞ்சி ஊட்டினாள். ஒவ்வொரு நாளும் ஸ்டோர் சங்கு ஊதியதும், "அவன் வந்துட்டானா?" என்று கேட்பார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்து தலையை ஆட்டிக்கொள்வார். நாற்பது நாள்கூட இருக்கவில்லை. ஒரு காலை நேரத்தில், நான் வேலைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றுவிட்டது.

மாமாவைப் புதைத்த அதே மலையில், அவருக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினோம். மகன் போடவேண்டிய முதல் மண்ணை யார் போடுவது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து அள்ளினேன். நாற்பது நாள். ஒரு வருஷம் வேண்டியிருக்கவில்லை, வெறும் நாற்பது நாள்தான் வேண்டியிருந்தது. என் கையிலிருந்த மண் கீழே விழமாட்டேன் என்றது. பக்கத்திலிருந்தவர்கள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் வாய்விட்டு அழுதேன். எனக்காக அழுதேனா அத்தைக்காக அழுதேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

அவனுக்கு எழுதினேன். பதில் வர இரண்டு மாதம் ஆனது. திருச்சிப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து, பென்சிலில் எழுதியிருந்தான். அம்மாவைப் பற்றி நாலு வரிதான். எழுத்து அங்கங்கே கலைந்திருந்தது. அதற்குப் பிறகு இப்படி எழுதியிருந்தான்:

"மச்சான், அந்த மோட்டரப் பிரிச்சுப் பாத்துட்டேன். உள்ளுக்க ஒட்டியிருந்த காந்தம் பச எளகி எடம் நழுவிருச்சு. ஆமேச்சர்ல முட்டி நின்னுருக்கு. பச எளகுற அளவுக்குச் சூடு ஏறுனது நான் சுத்துன சுத்தாலதான். தடிச்ச கம்பி போட்டு, சுத்தக் கொறச்சேன். வேகத்துக்கு ஆசப்பட்டேன். பெட்டியில வந்ததப் போடுன்னு நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் கேக்கல. கேட்டிருந்தா எங்கம்மாவுக்கு நானே மண்ணு போட்டிருப்பேன். இங்க டவுன்ல ஒரு மோட்டர்க் கடையில வேலைக்குக் கூப்பிட்டாங்க. போகல. இனி இந்தக் கையால கம்பி சுத்தமாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணிட்டேன். கல்லு ஒடைக்கப் போறேன். நான் செய்ய வேண்டிய கடமைய ஒன் தலையில கட்டிட்டேன். என்னைய மன்னிச்சிரு."

ஏழு எண்ணும் வரைக்கும் மணிக்கட்டில் தாங்கிய மோட்டர் அது. அவன் அதையே மறந்துபோயிருந்தான். தன் கையைச் சந்தேகப்பட்டான், என் வாயைச் சந்தேகப்படவில்லை.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இருந்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். டிரையர் என்ற சொல் வரைக்கும் பேனா போகும், அதற்கு மேல் போகாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அத்தையின் குழியைச் சுற்றிக் கல் அடுக்கியதை எழுதினேன். மழை நல்ல மழை என்று எழுதினேன். நடந்தது நடந்துவிட்டது, அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினேன்.

அடுத்த கடிதத்தில், நான் அப்படி எழுதியதற்கு நன்றி சொல்லியிருந்தான்.